தேநீர்ச் சுவை ஆய்வுச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுவரை நாம் அவரவர் வழக்கப்படி வடித்த தேநீரைச் சுவைத்துக் கருத்துரைத்து வந்தோம். சுவை வேறுபாடு இலையால் வந்ததா, வடித்த விதத்தால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லாமல் இருந்தது. அக்குறையைக் களைய, இவ்வாண்டு, சுவை ஒப்பீட்டுக்காகத் தேநீர் வடிக்கும் முறையை வகுக்கும் ஐஎஸ்ஓ 3103 என்னும் பன்னாட்டுத் தர நெறியை ஏற்று, 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிட ஊறல், வெள்ளைப் பீங்கான் கலம் என்ற ஒரே ஒழுங்கில் எல்லா மாதிரிகளையும் தயாரித்தோம். இது இனிய தேநீருக்கான செய்முறை அன்று, ஒப்பீட்டுக்கான அளவுகோல் என்பதைப் புதிய உறுப்பினர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

மிகுதியான விவாதம் தண்ணீரைப் பற்றியே நடந்தது. கடின நீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் வடிநீரின் நிறத்தை மங்கச் செய்து, மேற்பரப்பில் மெல்லிய ஏட்டையும் படியவிடுகின்றன. இதை நேரில் கண்டபின், ஓர் அமர்வின் எல்லா மாதிரிகளுக்கும் ஒரே நீரையே பயன்படுத்துவதென முடிவு செய்தோம்.

வாசிப்பு அமர்வுகளில் கருந்தேயிலையின் வேதியியலைப் பயின்றோம். இலை நொதிக்கும்போது, அதிலுள்ள துவர்ப்புத் தரும் பாலிஃபினால் சேர்மங்களான கேட்டச்சின்கள் ஆக்சிஜனேற்றமடைந்து, பளிச்சென்ற நிறத்தையும் நாவைச் சுருக்கும் கூர்மையையும் தரும் தியாஃபிளேவின்களாகவும், அடர்நிறத்தையும் கனத்தையும் தரும் தியாருபிகின்களாகவும் மாறுகின்றன. ஆறிய வடிநீர் கலங்குவதைச் சிலர் குறையென்று மதிப்பெண் குறைத்திருந்தனர். காஃபினும் இப்பாலிஃபினால்களும் இணைவதாலேயே அது நிகழ்கிறது என்றும், நல்ல வடிநீரின் அடையாளமாகவே தொழில்முறைச் சுவைஞர்கள் அதைக் கொள்வர் என்றும் அறிந்தபின் அந்த மதிப்பீடுகளைத் திருத்தினோம்.

துவர்ப்பு நாவில் சேர்ந்துகொண்டே போவதால், கடைசிக் கோப்பை தகுதிக்கு மீறிக் கடுமையாகத் தோன்றும். ஆகவே கோப்பைகளின் வரிசையை ஒவ்வொருவருக்கும் மாற்றினோம். இடையிடையே வாய் கொப்பளிக்கவும் செய்தோம். பெயரை மறைத்து, எண்குறி மட்டும் இட்டு, மூன்றில் வேறுபட்ட ஒன்றைக் கண்டறியும் முக்கோணச் சோதனையையும் தொடங்கியுள்ளோம். இதில் கண்ணை மூடிச் சொன்னாலும் மூன்றில் ஒரு பங்கு சரியாகிவிடும் என்பதால், 12 பேரில் 8 பேரேனும் சரியாகச் சொன்னால்தான், தற்செயலாக அவ்வாறு அமையும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கு மேற்படாத வரம்பில், வேறுபாடு உண்டு எனக் கொள்கிறோம். இந்தக் கண்டிப்பு சிலருக்கு வருத்தமளித்தது உண்மையே. ஆயினும் இதைத் தளர்த்துவது முறையன்று என்பது என் உறுதியான கருத்து.

வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். அடுத்த ஆண்டுக்குப் பச்சைத் தேயிலையையும், 1949இல் ஜப்பானில் அதிலிருந்து பிரித்தறியப்பட்ட தியானின் என்னும் அமினோ அமிலத்தையும் ஆய்வுப்பொருளாக முன்மொழிந்து, அவையின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

செயலாளர்