கிரைச் ஸ்டாண்ட் பயணம்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நம் தமிழ்ப் பள்ளியில் வழக்கமான வகுப்புகள் இல்லை. அன்று பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை இங்கிலாந்தின் டார்பிஷயரில் உள்ள கிரைச் ஸ்டாண்ட் கோபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். கிரைச் என்ற ஊருக்கு மேலே குன்றின் உச்சியில் நிற்கும் போர் நினைவுக் கோபுரம் அது. உயரம் 63 அடி. உருண்டையான கற்கோபுரம், தலையில் சுழலும் விளக்கு. கடலே இல்லாத மாவட்டத்தில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்பது போல இருக்கும்.

நாட்டிங்ஹாம்ஷயரிலும் டார்பிஷயரிலும் ஆள் திரட்டிய ஷெர்வுட் ஃபாரஸ்டர்ஸ் என்ற படைப்பிரிவின் நினைவாக 1923 ஆகஸ்ட் 6 அன்று இதைத் திறந்தார்கள். முதல் உலகப் போரில் அந்தப் படைப்பிரிவு இழந்தவர்கள் 11,409 பேர். சுரங்கத்திலும் லேஸ் ஆலையிலும் வயலிலும் வேலை பார்த்த பையன்கள்தான் பெரும்பாலும். ராபின் ஹூட் கதை நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெயரிலேயே இந்தப் படைப்பிரிவுக்கு நாட்டிங்ஹாமில் ஒரு பட்டாலியன் இருந்தது. 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள், அவர்கள் கொம்மகூர் என்ற பிரெஞ்சுக் கிராமத்தைத் தாக்கப் போனார்கள். எதிரியின் கவனத்தைத் திருப்புவதற்காக நடத்திய தாக்குதல் அது. போனவர்களில் பெரும்பகுதியினர் மாண்டோ காயப்பட்டோ போனார்கள். கிராமத்தைப் பிடிக்கவும் முடியவில்லை. இதை வகுப்பில் மறைக்காமல் சொல்லிக்கொடுப்போம். வீரம் என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிட மாட்டோம்.

"நாங்களே போரிலிருந்து தப்பி வந்தவர்கள், பிள்ளைகளை எதற்குப் போர் நினைவிடத்துக்குக் கூட்டிப் போகிறீர்கள்?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நான் நினைப்பதைச் சொல்கிறேன். நம் பிள்ளைகள் வளர்வது இந்த ஊரில். பக்கத்து வீட்டுத் தாத்தா நவம்பரில் ஏன் சட்டையில் பாப்பிப் பூ குத்துகிறார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். நம் வீடுகளில் பேசாமல் வைத்திருக்கும் இழப்புகளைக் கேட்கவும் அவர்களுக்கு ஒரு வழி வேண்டும். இறந்தவர்களை ஒரு ஊர் எப்படி நினைவில் வைக்கிறது என்று பார்த்த பிள்ளை, வீட்டில் வந்து "நம்ம ஆக்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்கும். கேட்டால் தயவுசெய்து பேச்சை மாற்றாதீர்கள். வயதுக்கு ஏற்ற அளவில் சொல்லுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. இதே படைப்பிரிவில் 1/5 என்று எண்ணிட்ட பட்டாலியன் 1942 ஜனவரி கடைசியில் சிங்கப்பூரில் போய் இறங்கியது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது, அவர்கள் ஜப்பானியரிடம் கைதிகள் ஆனார்கள். அப்புறம் சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில் பாதை போட அவர்களை ஜப்பானியர் அனுப்பினார்கள். அந்தப் பாதையில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களும் உழைத்தார்கள், பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். காலராவும் பட்டினியும் இரு தரப்பையும் ஒன்றாகவே தின்றன. ஆனால் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் பொறித்த கல்லறை வரிசையாக இருக்கிறது. நம் தொழிலாளர்களில் பெரும்பாலானோருக்குப் பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது. சிப்பாய்க்குக் கிடைத்த மரியாதை அவனுக்கு உரியதுதான். அது நம்மவர்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம். மலேசியாவிலிருந்து வந்த குடும்பங்கள் நம்மிடையே இருக்கிறீர்கள். தாத்தா பாட்டி சொன்ன சயாம் ரயில் கதை ஏதாவது இருந்தால் பிள்ளையிடம் எழுதிக் கொடுத்தனுப்புங்கள், கோபுரத்தடியில் வாசிப்போம்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. உங்கள் பகுதியிலுள்ள போர் நினைவுத் தூணுக்கு அவர்களோடு போய், அதில் ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் குறித்து வரட்டும். பெரும்பாலும் அண்ணன் தம்பிகளாகவோ சொந்தக்காரர்களாகவோ இருப்பார்கள்.

சரி, ஏற்பாடுகள். பஸ் பள்ளி வாசலில் காலை 9 மணிக்குக் கிளம்பும், மாலை 5 மணிக்குத் திரும்பும். ஜூன் மாதமானாலும் குன்றின் மேல் காற்று பலமாக அடிக்கும், ஜாக்கெட் கட்டாயம். உள்ளே ஏறுவது குறுகிய சுழல் படிக்கட்டு. ஆஸ்துமா உள்ளவர்கள், உயரத்துக்குப் பயப்படுபவர்கள் கீழேயே இருக்கலாம், ஒரு ஆசிரியர் கூட இருப்பார். வானம் தெளிந்திருந்தால் வெகுதூரத்தில் லிங்கன் பேராலயம் தெரியும் என்பார்கள், பைனாகுலர் இருந்தால் கொடுத்துவிடுங்கள். மதியச் சாப்பாடு கட்டிக் கொடுங்கள். பழைய சுண்ணாம்புக்கல் குவாரிக்குள் இருக்கும் டிராம் அருங்காட்சியகத்துக்குச் சாப்பிட்டபின் போவோம். சின்னவர்களுக்கு அதுதான் அன்றைய கொண்டாட்டமாக இருக்கும்.

ஜூலை முதல் ஞாயிறன்று படைப்பிரிவின் பழைய வீரர்களும் குடும்பங்களும் அங்கே ஆண்டுதோறும் கூடுகிறார்கள். அவர்களுடைய நாளில் இடைஞ்சலாக இருக்க வேண்டாம் என்றே முன்கூட்டிப் போகிறோம்.

பிள்ளையை அனுப்ப மனம் ஒப்பவில்லை என்றால் காரணம் எழுத வேண்டியதில்லை. படிவத்தில் "இல்லை" என்று குறித்தால் போதும். அன்று வர முடிந்த பெற்றோர் நான்கைந்து பேர் கூட வந்தால் பெரிய உதவி. படிவத்தை அடுத்த ஞாயிற்றுக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்