படுகளத்துல சங்கர் சாகலாமா?

வார்சா,
நவம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

நீ செய்யற அண்ணன்மார் கதை வீடியோ கேமோட முடிவைப் பத்தித்தான் இந்தக் கடுதாசி. இங்க நாலு மணி தாண்டினா இருட்டு. நேத்து சகல புனிதர் திருநாள். கல்லறை பூராவும் கண்ணாடிக் கூட்டுக்குள்ள மெழுகுவத்தி. ஆகஸ்ட் 1 பொழுதோட அஞ்சு மணிக்குச் சங்கு ஊதுனா பஸ்ஸு, காரு, நடக்கறவங்க எல்லாம் ஒரு நிமிஷம் நின்னுருவாங்க. 1944-ல ஜெர்மன் படைக்கு எதிரா இந்த ஊர்ச் சனம் எந்திரிச்சுத் தோத்துப்போன எழுச்சிக்கு அது. 2014-ல வந்த 'திஸ் வார் ஆஃப் மைன்'ங்கற, போர்ல சிக்குன சனங்க பொழைக்கற வீடியோ கேம் இந்த ஊர்ல செஞ்சதுதான். அதுல கெழவன் கெழவி வீட்டுல திருடுனா, திருடுனவனே வெசனப்பட்டு வேலை வெட்டி இல்லாம உக்காந்துக்குவான்.

அம்மா சொல்றாங்கன்னு உன் அண்ணன்மார் கேம்ல, கதைப்படி படுகளத்துல சாகற அண்ணன் தம்பி பொன்னர் சங்கரைப் பொழைக்க வெச்சுறாத. நம்மூர்ல உடுக்கைப் பாட்டுக்கு விடிய விடிய உக்கார்றவங்க முடிவு தெரிஞ்சுதான் உக்கார்றாங்க.

சாவு வந்தா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, கதையில ஓட்டை இருந்தாத்தான் வம்பு. 2008-ல வந்த ஃபால்அவுட் 3 கேம்ல கடைசியாக் கதிர்வீச்சு அறைக்குள்ள போய்ச் சாகணும். கதிர்வீச்சு ஒண்ணும் பண்ணாத கூட்டாளி ஃபாக்ஸ் பக்கத்துலயே நிப்பான். போடான்னா, அது உன் விதிம்பான்! அடுத்த வருஷம் 'புரோக்கன் ஸ்டீல்'ங்கற கூடுதல் பகுதியை விட்டுத்தான் அதை அடைச்சாங்க. உனக்கும் அதே ஆபத்து இருக்கு: பையில பச்சிலை இருவது மிச்சம் கெடக்க, செயிச்ச சண்டைக்கப்புறம் வீடியோ ஓட்டிச் சங்கரைக் கொன்னா, ஆடறவன் உன்னத்தான் வைவான். மருந்தெல்லாம் தீர்ற மாதிரி ரெண்டு சண்டைக்கு முன்னயே கணக்குப் போடு. ஹேலோ ரீச் கேம்ல கடைசி வேலை 'உயிரோட இரு'ங்கறது மட்டுந்தான். எதிரி வந்துட்டே இருப்பான், தலைக்கவசக் கண்ணாடி விரிசல் விடும், சாகற வரைக்கும் பட்டன் நம்ம கையிலயே இருக்கும். சங்கர் தன் வாள் மேல விழறதையும் ஆடறவனே அமுக்கட்டும்.

கடைசிப் போருக்கு முன்ன தனியா ஒரு சேவ் எடுத்து வை. இல்லீன்னா மிச்சமிருக்கற சின்ன வேலைக்குத் திரும்ப வழியில்லாமப் போயிரும்.

அவங்க செத்தப்புறம் ஆட்டத்தை அவங்க தங்கச்சி தங்காள் கைக்கு மாத்து. 2010-ல ரெட் டெட் ரிடெம்ப்ஷன்ல அப்பன் செத்ததும் மகன் ஜாக்கை நம்ம கையில குடுத்த மாதிரி. மேப்புல அம்புக்குறி போடாத. செத்துக் கெடக்கற அண்ணன்மார்கிட்ட வர வர உடுக்கைச் சத்தம் கூடுனாப் போதும். ஒரு பட்டனுக்கு ரெண்டு பேரும் எந்திரிச்சுப் பேசட்டும். ரெண்டாந்தடவை அமுக்குனா எந்திரிக்கக் கூடாது.

அம்மாவை மேலுக்குப் பாத்துக்கச் சொல்லு.

உன் அண்ணன்