சோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து 1989-இல் திருமணமாகித் தில்லிக்கு வந்தவள் நான். இங்கே குடியேறிய பல தமிழ்க் குடும்பங்களைப் போல எங்கள் வீட்டிலும் இரவுச் சாப்பாடு நாளடைவில் சப்பாத்தியாகிவிட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன் எனக்கு வயிற்று உப்புசமும் அடிக்கடி பேதியும் தொடங்கியபோது, உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் ஒருமித்துச் சொன்னது, கோதுமையை விட்டுவிடு என்பதுதான். நானும் விட்டேன். ஓரளவு குணம் தெரிந்ததால், இரண்டு மாதம் கழித்தே குடல்நோய் மருத்துவரிடம் போனேன்.

அவர் முதலில் கேட்டது, "இப்போது கோதுமை சாப்பிடுகிறீர்களா?" என்பது. இல்லை என்றதும் அவர் முகம் சற்று வாடியது. சீலியாக் என்ற நோயில், கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தை எதிர்த்து உடல் தன் சிறுகுடலையே தாக்குகிறது. அந்த எதிர்ப்பின் தடயத்தைத்தான் இரத்தப் பரிசோதனை தேடுகிறது. கோதுமையை நிறுத்தினால் தடயமும் மெல்ல மறைந்துவிடும் என்பதால், நோய் இருந்தாலும் இல்லை என்றே முடிவு வரக்கூடும். ஆகவே மீண்டும் எட்டு வாரம் தினமும் சப்பாத்தி சாப்பிட்டு, உப்புசத்தோடும் பேதியோடும் நாள்களைத் தள்ளி, அதன் பிறகு இரத்தம் கொடுத்தேன். எனக்குச் சீலியாக் இல்லை என்று தெரிந்தது. முதலிலேயே மருத்துவரிடம் போயிருந்தால் அந்த எட்டு வாரத் துன்பம் எனக்கு நேர்ந்திருக்காது. இந்தக் கடிதத்தை எழுதுவதே அதற்காகத்தான்.

இதைச் சிறிய விஷயமாக யாரும் எண்ணிவிடக் கூடாது. எங்கள் குடியிருப்பில் ஒரு சிறுமி வளர்ச்சி குன்றி, இரத்தசோகைக்காக ஆண்டுக்கணக்கில் இரும்புச்சத்து டானிக் குடித்துக்கொண்டிருந்தாள். சீலியாக் என்று கண்டறிந்தபின்தான் தேறினாள். தென்னகத்தைவிட வட மாநிலங்களில் இந்நோய் அதிகம் காணப்படுகிறது. சீலியாக் உள்ளவர் வாழ்நாள் முழுவதும் துளிக் கோதுமைகூடச் சேர்க்கக் கூடாது. ரவை, சேமியா மட்டுமல்ல, கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கிறது என்பதை அந்தத் தாய் சொல்லித்தான், என் சமையலறை டப்பாவைத் திருப்பிப் படித்து நானும் தெரிந்துகொண்டேன். கோதுமை வெறுமனே ஒத்துக்கொள்ளாதவருக்கோ அளவைக் குறைத்தாலே போதும். இவ்விரண்டில் தாம் எந்த வகை என்று தெரியாமல் எவரும் எப்படிப் பத்தியம் இருப்பது?

இடையில் நான் செய்த இன்னொரு தவறையும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதி ஆய்வுக்கூடம் ஒன்றில், ஒரே இரத்த மாதிரியில் இருநூறுக்கும் மேற்பட்ட உணவுகளைச் சோதிப்பதாகச் சொன்னதை நம்பிப் பெருந்தொகை கட்டினேன். அரிசி, துவரம்பருப்பு, புளி, எள் என்று நாம் அன்றாடம் சாப்பிடுவதெல்லாம் சிவப்புப் பட்டியலில் வந்தது. ஐஜிஜி என்ற அந்தப் பரிசோதனை, ஓர் உணவை உடல் சந்தித்திருக்கிறது என்பதைத்தான் காட்டும். அடிக்கடி உண்பது அதில் தென்படுவது இயல்பே. உணவு ஒத்துக்கொள்ளாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்பு 2008-லேயே அறிவித்துவிட்டது. அந்த அறிக்கையை நம்பி அரிசியையும் பருப்பையும் விட்டதில் மூன்று மாதத்தில் ஐந்து கிலோ இளைத்தேன். பணம் போனதைவிட அதுதான் மனத்தை உறுத்துகிறது.

எனக்கு விடை கிடைத்தது ஒரு நோட்டுப் புத்தகத்தில். என்ன சாப்பிட்டேன், எவ்வளவு, எத்தனை மணிக்கு, வயிறு எப்போது என்ன செய்தது என்று மூன்று வாரம் விடாமல் எழுதினேன். "இரவு 9.40, ஒரு தம்ளர் பால், 11.15, வயிறு கடகடவென்கிறது" என்ற வரி அதில் ஏழு முறை வந்திருந்தது. ஆனால் காலைக் காப்பிக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவாக இருப்பவர்களும் கொஞ்சம் பாலைத் தாங்கிக்கொள்வார்கள், 250 மில்லி பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் உண்டு, அளவுதான் கணக்கு என்று மருத்துவர் விளக்கினார். தயிரிலுள்ள நுண்ணுயிர்களே அந்தச் சர்க்கரையைச் செரிக்க உதவுவதால், மோரும் தயிர்சாதமும் எனக்கு இன்றுவரை தொல்லை தந்ததில்லை.

வெங்காயத்தைப் பிடிப்பதற்குத்தான் நாளாயிற்று. கடைசியாகச் சாப்பிட்டதன் மேல் பழி போடுவது நம் வழக்கம். குடலில் புளித்து வாயுவாகும் உணவுகளோ பல மணி நேரம் கழித்துத்தான் தொந்தரவு தரும். மதியச் சாம்பாருக்கான வேதனை மாலை ஆறு மணிக்கு வந்ததால், நாலு மணிச் சுண்டலைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். சின்ன வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டும் பயனில்லை. அதிலுள்ள ஃப்ரக்டன் என்ற மாவுப்பொருள் தண்ணீரில் கரைந்து குழம்பில் இறங்கிவிடுகிறது. எண்ணெயில் அது கரையாது என்பதால், அதே ஃப்ரக்டன் உள்ள பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்து எறிந்துவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கிறேன், மணம் குறைவதில்லை. கோதுமையிலும் இதே ஃப்ரக்டன்தான் இருக்கிறது. கோதுமையை நிறுத்தியபோது ஏன் ஓரளவு மட்டும் குணம் தெரிந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த ஃபோட்மேப் முறையும் இதே வழியில்தான் செல்கிறது: சந்தேகத்துக்குரியவற்றைச் சில வாரங்கள் மட்டும் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாக, மூன்று நாள் அளவைக் கூட்டிக்கூட்டிச் சேர்த்துப் பார்ப்பது. நிறுத்துவதோடு நின்றுவிடுகிறவர்களே அதிகம். அவர்கள் தேவையில்லாமல் பல உணவுகளை இழக்கிறார்கள். மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், இரவில் எழுப்பும் பேதி, இரத்தசோகை ஆகியவை இருந்தால் நோட்டுப் புத்தகத்தோடு காலம் கடத்தாமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எனக்கு இங்கு தரப்பட்ட உணவுப் பட்டியல் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. ராஜ்மாவும் பனீரும் அதில் இருந்தன; கொள்ளு, மொச்சை, முருங்கைக்கீரை, வத்தக்குழம்பு, பூண்டு ரசம் எதுவும் இல்லை. நம் சமையலை அறிந்த ஓர் உணவியல் வல்லுநரைக் கொண்டு அப்படியொரு பட்டியலைத் தமிழில் தயாரித்துத் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தக் கூடாது என்ற குறிப்பு அதன் முதல் வரியாக இருக்கட்டும்.

இங்ஙனம்,
ஒரு வாசகி,
மயூர் விஹார், புது தில்லி