முத்துக்குமாருக்கு அப்பா எழுதுவது

ஸ்ரீவைகுண்டம்
20.1.2026

அன்புள்ள முத்துக்குமார்,

ஆசீர்வாதம். இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல். போனில் பேசினால் பாதியில் அம்மா வாங்கிக்கொள்கிறாள், நீயும் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இப்பவும், நீ இன்ஸ்டாகிராமில் தபால்தலை விற்கிறாய் என்பது சாரதா மகள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சரி, போகட்டும். அவள் போனை வாங்கி முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். படங்கள் நன்றாக இருக்கின்றன. தலையின் ஓரப் பல்லை எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவு. பின்பக்கத்தையும் எடுத்துப் போட்டிருக்கிறாய், அது நல்ல வழக்கம். எல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தவை என்று தெரிகிறது. பகல் வெளிச்சத்தில்தான் நிறம் சரியாக வரும், வாஸ்தவம்தான். பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். அன்றைக்குப் பகலில்கூட ஐந்தாறு படம் ஏறியிருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே போடலாமாம், சாரதா மகள் சொன்னாள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எது அனுப்பினாலும் ரசீதை எடுத்து வை. உன் கூட்டாளிகள் கொரியர் என்பார்கள். நீ நம் போஸ்ட் ஆபீஸிலேயே புக் பண்ணு. போன செப்டம்பரிலிருந்து ரிஜிஸ்டர் தபால் தனியாகக் கிடையாது, ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். எனக்கு அது இன்னும் மனசுக்கு ஒப்பவில்லை, அது வேறு கதை. உள்ளூர் தவிர எங்கே போனாலும் 50 கிராமுக்குள் 47 ரூபாய், ஜிஎஸ்டி தனி. பெயருக்குரியவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்றால் பதிவுக்கு இன்னும் 5 ரூபாய். இப்போது கணக்குப் போட்டுப் பார். நீ 60 ரூபாய்க்கு ஒரு தலை விற்கிறாய், தபால் செலவு கிட்டத்தட்ட அதே அளவு. வாங்குகிறவன் சாதா தபாலில் போடுங்கள் சார் என்பான். போட்டு அது போய்ச் சேராவிட்டால் நம்மைத்தான் திருடன் என்பான். அதனால் இத்தனை ரூபாய்க்குக் குறைந்து அனுப்புவதில்லை என்று முதலிலேயே எழுதிவிடு. நாலைந்து பேர் போவார்கள், போகட்டும். சேர்த்து வாங்குகிறவன்தான் திரும்பத் திரும்ப வருவான்.

பேக்கிங்கில் அவசரம் கூடாது. வெண்ணெய்த்தாள் உறை, அதற்கு இரண்டு பக்கமும் அட்டை, அப்புறம் பாலிதீன். செல்லோடேப் தலையைத் தொடவே கூடாது. டுவீசர் இல்லாமல் எடுக்காதே. பெங்களூரில் பரவாயில்லை, நம் ஊருக்கோ சென்னைக்கோ மழைக்காலத்தில் போனால் முதுகுப் பசை ஈரம் குடித்து உறையோடு ஒட்டிக்கொள்ளும். மின்ட், அதாவது ஒட்டாத புதுத் தலை, என்று விற்றது மின்ட்டாகப் போய்ச் சேர வேண்டும் அல்லவா. பழுப்புப் புள்ளி இருந்தாலோ, ஒரு பல் குறைந்தாலோ வாங்குகிறவன் கேட்கும் முன்னே நீயே எழுதிவிடு.

உனக்கு இதெல்லாம் தெரியும். இரண்டாம் கிளாஸ் படிக்கும்போதே கிழிந்த உறையைத் தண்ணீரில் போட்டு, தலை தானாகக் கழன்று வரும்வரை கையை வைக்காமல் காத்திருப்பாய். பசை கொழகொழவென்று மிதக்கும். முகம் கீழே பார்க்கப் பேப்பரில் காய வைப்பாய். சிவப்பு உறை என்றால் சாயம் இறங்கும் என்று தனிக் கிண்ணம் கேட்டு அம்மாவிடம் சண்டை போடுவாய். உன் வயதுப் பிள்ளைகள் யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன், உன்னிடம் சொன்னதில்லை.

ஆனால் அந்தப் பொறுமையை வைத்து வீட்டு வாடகை கொடுக்க முடியுமா என்பது வேறு கேள்வி. நீ போட்டிருப்பதில் பாதி எண்பதுகளுக்குப் பிறகு வந்தவை. நாசிக்கில் லட்சக்கணக்கில் அடித்தது. நானே கவுண்டரில் ஷீட் ஷீட்டாகக் கிழித்துக் கொடுத்திருக்கிறேன். அதற்கு யார் பெரிய விலை கொடுப்பார்கள்? 1960-இல் வந்த திருவள்ளுவர், பாரதி இரண்டும் நம் ஜனங்கள் பிரியமாய்க் கேட்பார்கள், ஆனால் ஆளுக்கு ஒன்று வாங்கினால் முடிந்தது. சந்தன வாசனைத் தலையில் வாசனை இன்னும் இருக்கிறதா என்று கேட்பார்கள், உண்மையைச் சொல். சுந்தரம் சித்தப்பா கேசட் கடை போட்டபோதும் முதல் ஆறு மாதம் நன்றாகத்தான் போனது. நான் அதற்கு மேல் சொல்லவில்லை.

காந்தி பத்து ரூபாய்த் தலை ஒன்று போட்டிருக்கிறாயே, அதை யாரிடம் வாங்கினாய்? 1948 ஆகஸ்ட் 15 அன்று வந்த நாலு தலையில் அதுதான் பெரியது. ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா மூன்றும் ஜனங்கள் வாங்கி ஒட்டினார்கள். பத்து ரூபாய்த் தலையை அந்தக் காலத்தில் எந்தக் குடியானவன் கடிதத்தில் ஒட்டினான்? அதனால்தான் அந்த விலை, அந்த விலையால்தான் அவ்வளவு போலி. அசல் சுவிட்சர்லாந்தில் அடித்தது. லென்ஸ் வைத்துப் பார், அச்சில் சந்தேகம் தெரிந்தால் கை வைக்காதே. நிபுணரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கும்வரை உன் இன்ஸ்டாகிராம் பக்கத்திலிருந்து எடுத்துவிடு. விற்றவனிடம் ரசீது வாங்கினாயா? ரசீது இல்லாமல் எதையும் வாங்காதே, விற்காதே. ஜிஎஸ்டிக்கும் ஆடிட்டர் ஒருவரைப் பார். சரக்கு விற்பதற்கு வருஷத்துக்கு 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்று எவனாவது சொல்வான், அது உள்மாநில விற்பனைக்குத்தான். கர்நாடகத்திலிருந்து இங்கே அனுப்பினால் வெளிமாநிலம், அதற்கு அந்தச் சலுகை பொருந்தாது.

தாத்தா கொழும்பிலிருந்து போட்ட உறைகளையும் பார்த்தேன். தலையை வெட்டாமல் முழு உறையாக, முத்திரை தெரியப் போட்டிருக்கிறாய். அதுதான் முறை, உறையோடு இருந்தால்தான் மதிப்பு. விற்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன், உனக்குக் கொடுத்தது உனக்குத்தான். உள்ளே இருந்த கடிதங்களை மட்டும் அனுப்பி வை. ஆச்சி பெயரும் நம் தெருப் பெயரும் படத்தில் பளிச்சென்று தெரிகிறது, அதை மறைத்துப் போட்டிருக்கலாம். அம்மாவுக்கு இன்னும் காட்டவில்லை. அவள் பார்த்தால், இதை விற்கிற அளவுக்கு என்ன வந்தது என்றுதான் முதலில் கேட்பாள். என்னிடம் பதில் கிடையாது.

கம்பெனிகளில் ஆள் குறைக்கிறார்கள் என்று பேப்பரில் போட்டுக்கொண்டே இருக்கிறான். நான் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. என் பென்ஷன் ஒன்றாம் தேதி தவறாமல் வந்துவிடுகிறது, எங்கள் இரண்டு பேருக்கு அவ்வளவு செலவு இல்லை. மாடி அறையில் உன் மேஜை அப்படியேதான் இருக்கிறது. இதைச் சும்மா எழுதுகிறேன்.

ஊரில் விசேஷம் ஒன்றும் இல்லை. ஆற்றில் தண்ணீர் போகிறது. கிணற்று மோட்டாரை மாற்றியாயிற்று.

அம்மா பனங்கிழங்கு அவித்து, உடன்குடிக் கருப்பட்டியோடு பார்சல் கட்டி வைத்திருக்கிறாள். கிழங்கு நாலு நாளைக்கு மேல் தாங்காது. எப்போதும் உன் ஆபீஸ் விலாசத்துக்குத்தான் போடுவோம், பகலில் அங்கே வாங்க ஆள் இருக்கும் என்று. இந்த முறையும் அதே விலாசம் எழுதலாமா, வீட்டு விலாசம் எழுதட்டுமா என்று நாளை பன்னிரண்டு மணிக்குள் எனக்கு மெசேஜ் போடு. அம்மா போனுக்கு வேண்டாம். பதிலைப் பார்த்துவிட்டுத்தான் புக் பண்ணுவேன்.

இப்படிக்கு,
அப்பா