ஆட்டிசம் பிள்ளைகளின் சமூகத் திறன் பயிற்சியைச் சீரமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர்,
கம்பம், கூடலூர் பகுதி,
தேனி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தேனி.

பொருள்: ஆட்டிசம் உள்ளவர்களுக்கான சமூகத் திறன் பயிற்சியை, அதாவது பிறரோடு பேசிப் பழகும் பயிற்சியை, கடைத்தெருவிலும் பேருந்திலும் நடத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கூடலூரில் வசிக்கும் என் 15 வயது மகனுக்கு ஆட்டிசம். பிறரோடு பேசிப் பழகுவதும், சத்தம் போன்றவற்றைத் தாங்குவதும் சிரமமாக இருக்கும் வளர்ச்சி நிலை அது. என்னைப் போன்ற பெற்றோர் பலரும் இந்த மனுவில் கையெழுத்திட்டிருக்கிறோம்.

பயிற்சி அறையில் படத்தைக் காட்டினால் என் மகன் "அண்ணே, பிஸ்கட் எவ்வளவு?" என்று தெளிவாகக் கேட்பான். கம்பம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் அதையே கேட்டான். கடைக்காரர் "சில்லறை இருக்கா தம்பி?" என்று திருப்பிக் கேட்டதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். அறையில் யாரும் அவனைத் திருப்பிக் கேட்டதில்லை. அங்கே ஹாரன் சத்தம் கிடையாது, "குமுளி, குமுளி" என்று கூவும் ஆளும் கிடையாது. ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு ஓரிடத்தில் கற்றது இன்னோர் இடத்தில் தானாகக் கைகொடுக்காது. ஆகவே வாரம் ஒரு நாளாவது பயிற்றுநர் கூடவே வந்து உழவர் சந்தை, ரேஷன் கடை, டவுன் பஸ் ஆகியவற்றில் பழக்க வேண்டும். கூட்டமில்லாத நேரத்தில் தொடங்கினால் பிள்ளைகள் மிரள மாட்டார்கள்.

பயிற்சியில் "கண்ணைப் பார்த்துப் பேசு" என்று பிள்ளையின் தாடையைப் பிடித்துத் திருப்புவதையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இதை நிறுத்தச் சொல்லுங்கள். கண்ணைப் பார்க்கும்போது பேச்சைக் கவனிக்க முடிவதில்லை என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலரே சொல்கிறார்கள். என் மகன் சுவரைப் பார்த்தபடியே நான் சொல்வதை முழுக்கக் கேட்டுக்கொள்வான். அவனுக்கு வேண்டியது வேறு. சத்தம் தாங்கவில்லை என்றால் அதைச் சொல்லத் தெரிய வேண்டும், பிடிக்காததற்கு "வேண்டாம்" என்று சொல்ல வேண்டும், யாராவது தகாதபடி தொட்டால் வீட்டில் வந்து சொல்ல வேண்டும். பெண் பிள்ளை வைத்திருக்கும் தாய்மார்கள் இந்தக் கடைசி விஷயத்தை நினைத்துத் தூங்காமல் இருக்கிறார்கள். பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பட அட்டையோ செல்போனோ கொடுத்துச் சொல்லப் பழக்கலாம்.

ஆட்டிசம் உள்ளவரும் பிரிட்டன் ஆய்வாளருமான டேமியன் மில்டன், ஆட்டிசம் உள்ளவர்கள், மற்றவர்கள் என இரு தரப்பிலும் புரியாமை இருக்கிறது என்று 2012-ல் எழுதினார். எங்கள் அனுபவமும் அதுதான். எங்கள் பிள்ளைகளை மட்டும் தனியே உட்காரவைத்துப் பழக்கினால் போதாது. அதே வயதுப் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக் கேரம், சமையல், செடி நடுதல் என்று ஏதாவது செய்யவிடுங்கள். கடைக்காரர்களுக்கும் பஸ் நடத்துநர்களுக்கும் ஒரு மணி நேர வகுப்பு வைத்தால்கூடப் பெரிய உதவி.

அப்புறம், எங்கள் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று. இங்குள்ள தாய்மார்கள் பலர் விடியற்காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் கேரள ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். வார நாளில் பகல் பதினொரு மணிக்குப் பயிற்சி வைத்தால் பிள்ளையைக் கூட்டிவர வீட்டில் ஆள் இல்லை. ஒரு நாள் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றித் தாருங்கள். கேரளத்தில் வண்டன்மேடு பக்கம் தோட்ட லயங்களிலேயே (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளிலேயே) தங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழில் பயிற்சி கிடைக்க, இடுக்கி மாவட்ட நிர்வாகத்துடனும் தாங்கள் பேச வேண்டும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஆட்டிசத்தையும் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அதில் சொல்லப்பட்ட இலவசக் கல்வி 18 வயது வரைதான். அதற்குப் பிறகு பலர் வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போகிறார்கள். வேலை இடத்தில் பழகுவதற்கான பயிற்சி அந்த வயதில்தான் அதிகம் தேவைப்படுகிறது.

இவற்றை முதலில் கம்பம் வட்டார வள மையத்தில் தொடங்கிப் பார்க்கவும், திட்டமிடும் கூட்டத்துக்குப் பெற்றோரையும் பேச முடிந்த ஆட்டிசம் உள்ள இளைஞர்களையும் அழைக்கவும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர்.

இணைப்பு: பெற்றோர் கையொப்பங்கள்.