1,500 ரூபாய் டெக்கில் ஏன் ஒரு ரேர்கூட இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்த மாதம் முதல் நம் கடையில் மேஜிக்: த கேதரிங் கார்டு விளையாட்டுக்கான நான்கு ரெடிமேட் டெக்குகள் (ஆடுவதற்கான கார்டுக் கட்டுகள்) கிடைக்கும். சிவப்பு, பச்சை, வெள்ளை, கறுப்பு. ஒவ்வொன்றிலும் 60 கார்டு. எதை எடுத்தாலும் 1,500 ரூபாய். கம்பெனி சீல் போட்ட பெட்டியாக வருபவை அல்ல இவை. தனித்தனிக் கார்டுகளாக வாங்கி, பிரித்து, ஆடிப் பார்த்து நாங்களே கட்டியவை. கார்டுகள் அத்தனையும் அசல்.

வாட்ஸாப்பில் படம் போட்ட கையோடு வந்த கேள்வி: "அண்ணா, ஒரு ரேர்கூட இல்லையா?" (ரேர் என்றால் பாக்கெட்டில் அரிதாக வரும் கார்டு, எளிதில் கிடைப்பது காமன்.) ஒன்றுகூட இல்லை. தெரிந்தேதான் விட்டோம். அந்தக் காரணத்தைக் கல்லாவில் நின்றபடி ஆளுக்கு ஆள் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

விலை குறைந்த டெக் கட்ட எளிதான வழி ஒன்று உண்டு. போட்டியில் ஜெயித்த டெக்கின் பட்டியலை எடுத்துக்கொண்டு, அதில் விலை அதிகமான கார்டுகளை உருவிவிட்டு, அந்த இடத்தில் கிடைத்ததைச் செருகுவது. பெயரும் அதேதான், படமும் ஏறக்குறைய அதேதான். ஆனால் அந்த டெக் எந்தக் கார்டுகளை நம்பி ஓடியதோ அவைதான் வெளியே போயிருக்கும். பிரியாணி என்று போர்டு மாட்டிவிட்டு குஸ்கா போடுகிற வேலை. வாங்கியவர் நான்கு ஆட்டம் தோற்றுவிட்டு, குறை தன்மேல்தான் என்று நினைத்து விளையாட்டையே விட்டுவிடுவார். எங்களுக்கு அதில் வியாபார நஷ்டமும் இருக்கிறது என்பதை ஒளிக்க ஒன்றுமில்லை.

நாங்கள் மறுமுனையிலிருந்து தொடங்கினோம். விலை குறைந்த கார்டுகளை வைத்தே முழுமை பெறுகிற ஆட்டமுறைகள் எவை என்று தேடினோம். அதற்கு ஏற்கெனவே ஒரு வடிவம் இருக்கிறது: பாப்பர். எப்போதாவது ஒருமுறையாவது காமனாக அச்சான கார்டுகளை மட்டுமே வைத்து ஆடுவது. கணினியில் ஆடும் மேஜிக் ஆன்லைனில் பல ஆண்டுகளாக ஆடப்பட்டு வந்த இதை, 2019 ஜூனில் மேஜிக்கை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் அச்சுக் கார்டுகளுக்கும் அதிகாரபூர்வமாக்கியது. அதனால் இந்த டெக்குகள் வீட்டுக்குள் மட்டும் ஆடுவதற்கானவை அல்ல. பாப்பர் போட்டி எங்கே நடந்தாலும் எடுத்துக்கொண்டு போகலாம்.

காமன் ஏன் மலிவு என்பது பாக்கெட்டைப் பிரித்தவர்களுக்குத் தெரியும். பல ஆண்டுகளாக 15 கார்டு பாக்கெட்டில் 10 காமன், 3 அன்காமன், ஒரே ஒரு ரேர். 2024இல் பாக்கெட்டின் அமைப்பு மாறியபோதும் காமன்தான் அதிகம். எல்லாரும் ரேருக்காகப் பிரிக்கிறார்கள், மிச்சம் மேசையில் குவிகிறது. அந்தக் குவியலுக்குள் லைட்னிங் போல்ட்டும் கிடக்கும். 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டின் இந்த விளையாட்டு வந்த முதல் தொகுப்பிலேயே இருந்த காமன் அது. ஒரு மனாவுக்கு (கார்டு போட ஆட்டத்தில் கட்டும் செலவு) மூன்று டேமேஜ். இன்றுவரை அதைவிட மேலான சிவப்பு ஸ்பெல் (மந்திரக் கார்டு) என்று விரல்விட்டு எண்ணக்கூடியவையே இருக்கின்றன.

எல்லாக் காமனும் மலிவு என்று நினைத்துவிட வேண்டாம். 1997இல் டெம்பெஸ்ட் தொகுப்பில் காமனாக வந்த லோட்டஸ் பெட்டல், இன்று பல ரேர்களைவிட விலை கூடுதல். பல வடிவங்களில் தேவைப்படும் கார்டு என்பதால் காமன் என்ற முத்திரை அதன் விலையைக் குறைத்து வைக்கவில்லை. அந்த மாதிரிக் கார்டுகள் எதுவும் நம் டெக்குகளில் இல்லை.

அடுத்தது நிறம். நான்கு டெக்குமே ஒற்றை நிறம். "ரெண்டு கலர் வச்சா இன்னும் நல்லா இருக்குமே" என்பவர்கள் ஒரு பெரிய டெக்கின் விலைப்பட்டியலை எடுத்து மனா தரும் லேண்ட் கார்டுகளின் பகுதியை மட்டும் கூட்டிப் பாருங்கள். செலவில் பெரும் பங்கு அங்கேதான் போயிருக்கும். இரண்டு நிறத்துக்கும் மனா தந்து, தாமதமில்லாமல் வேலை செய்கிற லேண்டுகள் அனேகமாக எல்லாமே ரேர். காமனில் கிடைக்கும் இரட்டை நிற லேண்டுகளில் பெரும்பாலானவை டேப் ஆன (உடனே பயன்படுத்த முடியாதபடி சாய்த்த) நிலையில்தான் களத்துக்கு வரும். ஒரு டர்ன் போச்சு. ஒற்றை நிற லேண்டான சாதாரண மௌண்டனோ ஸ்வாம்போ எந்தக் கடையிலும் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

ஒற்றை நிறத்தை ஒரு குறையாக வைத்துக்கொண்டு சமாளிக்காமல், அதையே பலமாக்குகிற கார்டுகளைத் தேடியதில்தான் எங்கள் நேரம் முழுக்கப் போனது. கறுப்பு டெக்கைப் பாருங்கள். அதன் தலை, கிரே மெர்ச்சன்ட் ஆஃப் அஸ்ஃபோடெல். ஐந்து மனா. களத்துக்கு வரும்போது அங்கே உள்ள உங்கள் கார்டுகளின் மனா விலையில் எத்தனை கறுப்புக் குறிகள் இருக்கின்றன என்று எண்ணி, அத்தனை லைஃபை (உயிர்ப் புள்ளிகளை) எதிராளியிடமிருந்து உறிஞ்சி உங்களுக்குத் தரும். அதன் விலையிலேயே இரண்டு குறி. அதற்கு முன் ஒரு சிட்டரிங் ராட்ஸ் இறக்கியிருந்தால் இன்னும் இரண்டு, ஒரு ஃபிரெக்சியன் ரேஜர் நின்றால் இன்னொன்று. ஐந்து லைஃப் இங்கே ஏற, அங்கே ஐந்து இறங்கும். அந்த எலியும் ரேஜரும் வந்தபோதே தங்கள் வேலையை முடித்துவிட்டவை: எலி எதிராளியின் கையிலிருந்து ஒரு கார்டை மறுபடி டெக்கின் மேலேயே வைக்க வைக்கும், ரேஜர் உங்களுக்கு ஒரு கார்டு எடுத்துத் தரும். இரண்டு நிற டெக்கில் கிரே மெர்ச்சன்ட் சுமாரான கார்டு. இங்கே அது ராஜா.

பச்சையில் நெட்டில் சென்டினலும் இதே ஜாதி. ஒரு மனாவுக்கு 2/2 (தாக்கும் பலம் 2, தாங்கும் பலம் 2) என்பது கொள்ளை மலிவு, ஆனால் டர்ன் தொடங்கும்போது தானாக அன்டேப் ஆகாது. நீங்கள் ஒரு பச்சை ஸ்பெல் போட்டால்தான் எழும். டெக்கில் உள்ள ஸ்பெல் எல்லாமே பச்சை என்றால் அது படுக்க ஏது நேரம்?

வெள்ளையில் எனக்குப் பிடித்த ஜோடி இருக்கிறது. (கறுப்பு டெக்கைக் கட்டியவர் எங்கள் கடையின் இன்னொரு பங்காளி, அவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.) கோர் ஸ்கைஃபிஷர் இரண்டு மனாவுக்குப் பறக்கிற 2/3. அதற்கு ஒரு தண்டனை: வரும்போது உங்கள் களத்திலிருந்து எதையாவது ஒன்றைக் கைக்குத் திருப்பி எடுக்க வேண்டும். த்ரேபன் இன்ஸ்பெக்டர் ஒரு மனா. வரும்போது ஒரு க்ளூ தரும், பிறகு இரண்டு மனா கட்டி அந்தக் க்ளூவை உடைத்தால் ஒரு கார்டு. ஸ்கைஃபிஷரை இறக்கி இன்ஸ்பெக்டரைக் கைக்கு எடுங்கள், மறுபடி ஒரு மனாவுக்கு இறக்குங்கள், இன்னொரு க்ளூ. தண்டனையாக எழுதியிருப்பது லாபமாக மாறிவிடுகிறது. புதிதாக வருபவர் இதைத் தானாகவே கண்டுபிடிக்கும் ஆட்டத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சிவப்புக்கு விளக்கமே தேவையில்லை. எதிராளிக்கு 20 லைஃப். போல்ட், லாவா ஸ்பைக், ரிஃப்ட் போல்ட் ஒவ்வொன்றும் மூன்று. ஏழு விழுந்தால் 21.

ஒரே கார்டு ஏன் நான்கு நான்காக இருக்கிறது, வெரைட்டி இல்லையே என்றும் சிலர் கேட்டார்கள். 60இல் ஒரு கார்டை ஒற்றைப் பிரதியாக வைத்தால் முதல் ஏழு கார்டுக்குள் அது வர வாய்ப்பு 100க்கு 12 கூட இல்லை. நான்கு வைத்தால், ஒன்றாவது வர வாய்ப்பு 100க்கு 40. மேலே சொன்ன ஜோடிகள் காகிதத்தில் மட்டும் இல்லாமல் மேசையிலும் நடக்க வேண்டுமென்றால் நான்குதான் வழி. யூகியோ என்ற இன்னொரு கார்டு விளையாட்டை ஆடுபவர்களுக்கு இந்த வலி தெரியும். அங்கே ஒரு கார்டு மூன்றுவரை வைக்கலாம், ஆனால் ஸ்ட்ரக்சர் டெக் என்ற ரெடிமேட் பெட்டியில் முக்கியமான கார்டு பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். அதனால் ஒரே பெட்டியை மூன்று வாங்குவது ஊரறிந்த வழக்கம். நம்முடையதை ஒன்று வாங்கினால் போதும்.

"சரி, காசு பார்க்கிற மாதிரி ஒரே ஒரு கார்டு உள்ளே போடக் கூடாதா?" இதற்கான பதில் 2013இல் இருக்கிறது. கமாண்டர் என்பது 100 கார்டு டெக் வைத்து ஆடும் வடிவம். அந்த ஆண்டு வந்த ஐந்து கமாண்டர் டெக்குகளில் மைண்ட் சீஸ் என்பதற்குள் ட்ரூ-நேம் நெமசிஸ் என்ற கார்டு இருந்தது. லெகசி என்ற வேறொரு வடிவத்தின் போட்டிக்காரர்களுக்கு அந்த ஒரு கார்டு வேண்டும். பெட்டி பறந்தது, அந்த ஒரு கார்டை எடுத்துக்கொண்டு மிச்சம் 99 கார்டைத் தள்ளிவிட்டவர்கள் ஏராளம். கமாண்டர் ஆட ஆசைப்பட்டு வந்தவருக்கு அந்தப் பெட்டி கிடைக்கவில்லை. கூடவே வந்த மற்ற நான்கும் அலமாரியில் தங்கின. பெட்டிக்குள் ஒரு நோட்டு வைத்தால் பெட்டியை வாங்குபவர் ஆடுபவராக இருக்க மாட்டார். நம் நான்கு டெக்கிலும் அப்படித் தனியே உருவி விற்கத் தோன்றும் கார்டு எதுவும் கிடையாது. மறுவிற்பனைக் கணக்கில் வாங்குபவர்கள் தயவுசெய்து வேறு பொருள் பாருங்கள்.

நான்கையும் ஒன்றுக்கொன்று எதிராக வைத்துத்தான் தராசு பார்த்தோம். அண்ணன் தம்பி இரண்டு பேர் ஆளுக்கொன்று வாங்கிப் போனால், தம்பியே தினமும் தோற்கக் கூடாது. அதற்காகச் சிவப்பிலிருந்து ஃபயர்பிளாஸ்டை விலக்கினோம். இரண்டு மௌண்டனைப் பலி கொடுத்தால் மனாவே இல்லாமல் நான்கு டேமேஜ் தரும் கார்டு அது. போட்டி மேசையில் தாராளமாக வைக்கலாம். இங்கே வெள்ளை டெக் எழுந்து நிற்கும் முன்பே ஆட்டம் முடிந்துகொண்டிருந்தது. வேண்டுபவர்கள் தனியாக நான்கு வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம், கவுண்டரில் இருக்கிறது.

மேஜிக்கின் ஐந்தாவது நிறமான நீலம் எங்கே என்று கேட்காதவர் இல்லை. எதிராளி போடும் ஸ்பெல்லைத் தடுப்பதுதான் நீலத்தின் வேலை. எதைத் தடுப்பது, எதை விடுவது என்று தெரிய எதிராளியின் டெக் தெரிந்திருக்க வேண்டும். முதல் டெக்காக அதைக் கொடுத்தால் வாங்கியவருக்கும் கஷ்டம், எதிரே உட்காருபவருக்கு அதைவிடக் கஷ்டம். பின்னால் வரும்.

போட்டிகளில் சில கார்டுகளுக்கு வரும் தடை பற்றி ஒரு வார்த்தை. மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியர் 2022இல் டபுள் மாஸ்டர்ஸ் தொகுப்பில் முதன்முதலாகக் காமனாக வந்தது. சிவப்பு டெக்குகள் எல்லாம் அதை அள்ளிக்கொண்டன. 2023 மே மாதம் பாப்பரில் தடை. புதிதாக எல்லாரும் கொண்டாடுகிற கார்டைச் சுற்றி நாங்கள் டெக் கட்டாததற்கு இதுதான் காரணம், பல ஆண்டுகளாகத் தாக்குப்பிடித்தவற்றையே எடுத்திருக்கிறோம். ரெடிமேட் டெக்கும் தடையும் மோதிய வேடிக்கை ஒன்று 2011இல் நடந்தது: ஸ்டாண்டர்ட் வடிவத்தில் ஸ்டோன்ஃபோர்ஜ் மிஸ்டிக்கைத் தடை செய்தார்கள், ஆனால் கம்பெனியே விற்றுக்கொண்டிருந்த வார் ஆஃப் அட்ரிஷன் டெக்கில் அது இரண்டு இருந்தது. அந்த டெக்கை ஒரு கார்டும் மாற்றாமல் ஆடினால் மட்டும் செல்லும் என்று விலக்குக் கொடுத்தார்கள். எங்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது. அதனால் நம் டெக்கில் உள்ள கார்டு தடையானால் பில்லோடு வாருங்கள், அதற்கு ஈடான காமனைக் காசு வாங்காமல் மாற்றித் தருகிறோம்.

ஒவ்வொரு டெக்கோடும் தமிழில் ஒரு தாள் இருக்கும். கார்டுகள் ஆங்கிலத்தில்தான். (2001இல் ஃபங்கல் ஷாம்ப்ளர் என்ற ஒரு கார்டை விளம்பரத்துக்காக சமஸ்கிருதத்தில் அச்சிட்டார்கள். தமிழுக்கு அந்த யோகம் இன்னும் வரவில்லை.) தாளில் விதிகள் சுருக்கமாக, இந்த டெக் எப்படி ஜெயிக்கப் பார்க்கிறது, முதல் ஏழு கார்டு எப்படி இருந்தால் வைத்துக்கொள்ளலாம், எப்போது கலைக்கலாம், இவ்வளவுதான். கூடவே 60 கார்டின் முழுப் பட்டியலும். பெற்றோர் சிலர் இது அதிர்ஷ்டப் பாக்கெட்டா என்று தயங்குகிறார்கள். பாக்கெட்டைப் பற்றிய அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது. இதில் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே வரிக்கு வரி படித்துக்கொள்ளலாம்.

பட்டியலைக் கடைச் சுவரிலும் ஒட்டியிருக்கிறோம். 1,500 அதிகம் என்று தோன்றினால் அதைப் படம் எடுத்துக்கொண்டு, கீழே உள்ள காமன் பெட்டிகளைக் கிளறி நீங்களே சேர்க்கலாம். நேரம் பிடிக்கும், செலவு குறையும். நாங்கள் வாங்குவது கார்டின் விலையோடு அந்த நேரத்துக்கும், இறக்குமதி, கூரியர் செலவுக்கும் சேர்த்துத்தான்.

பளபளக்கும் ஃபாயில் கார்டு எதுவும் வைக்கவில்லை. சென்னைக் காற்றின் ஈரத்தில் அவை அப்பளமாக வளைந்துவிடும். கார்டுக்கு மாட்டும் ஸ்லீவ் (உறை) விலையில் சேராது, சாதாரண 66 × 91 மி.மீ. அளவு பொருந்தும்.

சனிக்கிழமை மாலை நான்கு டெக்கும் மேசையில் திறந்தே இருக்கும். வாங்கும் முன் ஆடிப் பாருங்கள். கறுப்பை எடுப்பவர்கள் என் பங்காளியோடும், வெள்ளையை எடுப்பவர்கள் என்னோடும் உட்காரலாம்.

அன்புடன்,
கடையிலிருந்து