பழைய சுவரை ஏன் கையால் பிரிக்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சாய்ந்த தோட்டத்துச் செங்கல் சுவரைப் பிரித்துத் திருப்பிக் கட்டுவதற்காகப் பார்க்க வரும்போதெல்லாம் எங்களிடம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: "ஜேசிபி வந்தால் அரை மணி நேரத்தில் தள்ளிவிட்டுப் போய்விடுமே, நீங்கள் ஏன் நாலு நாள் கேட்கிறீர்கள்?" நியாயமான கேள்விதான். வாசலில் நின்று பேசும்போது பாதி விட்டுப்போகிறது, அதனால் எழுதுகிறோம்.

முதலில் எடை. ஒரு கல் சுவர், அதாவது ஒரு செங்கல் நீளத்துக்கு அகலமுள்ள 9 அங்குலச் சுவர், 10 அடி நீளமும் 5 அடி உயரமும் இருந்தாலே ஏறக்குறைய 2 டன் வரும். அதைப் பக்கத்திலிருந்து தள்ளினால் எந்தப் பக்கம் விழும் என்பது நம் கையில் இல்லை. சில வருடங்களுக்கு முன் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு வேலையில், எங்கள் ஆட்கள் அவசரப்பட்டு அடியில் நாலு வரிக் கல்லை உருவிவிட்டார்கள். மேலே இருந்த பாகம் அப்படியே மடிந்து, அந்த வீட்டு அம்மா ஆசையாக வளர்த்த மல்லிகைப் பந்தல் மேல் உட்கார்ந்துவிட்டது. யாருக்கும் அடி படவில்லை, ஆனால் பந்தல் போய்விட்டது. தவறு எங்களுடையது. அன்றிலிருந்து உச்சியில் தொடங்கி வரி வரியாகத்தான் இறக்குகிறோம். சாயங்காலம் கிளம்பும்போது ஆடிக்கொண்டு நிற்கும் துண்டு ஒன்றைக்கூட விட்டுவிட்டுப் போவதில்லை.

அடுத்தது கல். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அந்தச் சாந்து கல்லை விட மென்மையானது. கொத்துக் கரண்டியின் விளிம்பால் இரண்டு தட்டு தட்டினால் பத்தையாகக் கழன்றுவிடும், கல் முழுசாக வரும். சிமெண்டில் கட்டியது அப்படி வராது, கல்லையும் கடித்துக்கொண்டுதான் வரும். ஜேசிபி வாளிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எல்லாமே உடைந்து கப்பியாகிவிடும்.

பிரித்த கல்லை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை நீங்களே கூட இருந்து பாருங்கள். இரண்டு கல்லை ஒன்றோடொன்று மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். சொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல் இருக்கிறது, அல்லது சரியாக வேகவில்லை. நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. சந்தேகம் வந்தால் உலர்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுவோம். 3 கிலோ கல் 600 கிராமுக்கு மேல் தண்ணீர் குடித்தால் அதைச் சுவருக்கு எடுப்பதில்லை, அடியில் போடும் செங்கல் ஜல்லிக்கு அனுப்பிவிடுவோம். உப்பு பொரிந்த கல்லுக்கும் அதே இடம்தான்.

சுவர் ஏன் சாய்ந்தது என்று தெரியாமல் திருப்பிக் கட்டினால், புதுச் சுவரும் அதே பக்கம்தான் சாயும். எங்கள் அனுபவத்தில் பெரும்பாலும் காரணம் மண். வருடா வருடம் செம்மண், எரு, சருகு என்று தோட்டத்துப் பக்கம் கொட்டிக்கொண்டே வருகிறோம். கட்டும்போது இரண்டு பக்கமும் ஒரே மட்டமாக இருந்தது, இப்போது உள்பக்கம் ஒன்றரை அடி ஏறிக் கிடக்கிறது. எல்லைக்கு என்று கட்டிய சுவர் மண்ணைத் தாங்கும் சுவராகிவிட்டது. செப்டம்பர், அக்டோபர் மழையில் அந்த மண் தண்ணீர் குடித்துக் கனத்து, சுவரை வெளியே தள்ளுகிறது. இதற்கு இரண்டே வழி. மண்ணை வெட்டி இறக்குங்கள். முடியாதென்றால் சுவரை அகலமாகக் கட்டி, முதுகில், அதாவது மண் பக்கம், ஜல்லி நிரப்பி, தண்ணீர் வெளியேற 5 அடிக்கு ஒரு குழாய் வைக்க வேண்டும். செலவு கூடும், ஆனால் மழைக்கு நிற்கும்.

வேப்பமரம் பக்கத்தில் இருந்தால் பெரிய வேரை வெட்டச் சொல்லாதீர்கள். வேருக்கு இரண்டு பக்கமும் கடக்கால் (அடித்தளம்) போட்டு, மேலே கருங்கல் பலகையைப் பாலம் போல வைத்து அதன்மேல் கட்டுகிறோம். நம் ஊரில் கருங்கல்லுக்கா பஞ்சம்!

சாந்து விஷயத்தில் நாங்கள் கொஞ்சம் பிடிவாதம் பிடிப்போம். "சிமெண்ட் கூடப் போடுங்க, கெட்டியா இருக்கட்டும்" என்று அன்போடு சொல்கிறீர்கள். பழைய கல்லுக்கு அது நல்லதல்ல. சாந்து கல்லை விட இறுகிப்போனால், சுவர் கொஞ்சம் அசையும்போது விரிசல் சாந்தில் விழாமல் கல்லில் விழும். உள்ளே இறங்கிய ஈரமும் சாந்து வழியாகப் போக முடியாமல் கல் வழியாகவே வெளியேறி, கல்லின் முகத்தைப் பொரியவைக்கும். அதனால் சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்று கலக்கிறோம். கல்லை நனைக்காமல் வைப்பதில்லை. காய்ந்த கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் பிடிப்பே இருக்காது.

சுவரின் தலையை மட்டும் மொட்டையாக விடக் கூடாது. கருங்கல் பலகையோ, சரிவாகப் பூசிய மூடியோ, இரண்டு பக்கமும் 2 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீட்டிய பாகத்தின் அடிப்பக்கம் ஒரு சிறு பள்ளம் கீறிவிட்டால், மழைத்தண்ணீர் சுவரில் வழியாமல் அங்கேயே சொட்டிவிடும்.

மதிப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 50 அடி நீளம், 5 அடி உயரம் என்றால் ஒரு கல் சுவருக்குச் சுமார் 2,250 கல் வேண்டும். பழைய கல்லில் எத்தனை மீளும் என்பது பிரித்த பிறகுதான் தெரியும். ஆகையால் கூலியை முன்பே சொல்லிவிடுவோம், புதுக் கல்லின் கணக்கை மட்டும் பிரித்து எண்ணிய பிறகு உங்கள் எதிரிலேயே போடுவோம்.

வேலை தொடங்கும் முன் நாலு உதவி வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எல்லையில் சந்தேகம் இருந்தால் முதலில் அளந்துவிடுங்கள், கட்டிய பிறகு அளந்தால் மனக்கசப்புதான். சுவரோரம் இரண்டடிக்குச் செடி, தொட்டிகளை நகர்த்தி வையுங்கள். பொந்துகளில் தேளும் பாம்பும் இருக்கும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கட்டி முடித்ததும் 7 நாள் காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும். எங்கள் ஆள் வருவார். அவர் வர முடியாத நாளில் நீங்கள் ஒரு குடம் ஊற்றினால் பெரிய உதவி. தை முதல் சித்திரை வரை இந்த வேலைக்கு நல்ல காலம். தேதி வேண்டுவோர் மார்கழிக்குள் சொல்லிவிடுங்கள், வந்து பார்த்துவிட்டுப் போகிறோம்.

அன்புடன்,
உங்கள் கொத்து வேலைக் குழுவினர்,
தருமபுரி